அப்பாயிக்குப் பேரன் பெயர் மறந்துவிட்டது... கோலம் மறக்கவில்லை!

"அத்த, இப்பதான சாப்பிட்டீங்க?"

"நான் எங்கடி சாப்பிட்டேன்? காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டத்தில் உள்ள ஆலத்தியூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வெளியூர்க்காரர்களுக்கு ஆலத்தியூர் என்றால் சிமென்ட் ஆலைதான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஆலையின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில் ஒரு வீடு. வீட்டில் 80 வயதைத் தாண்டிய அப்பாயி, மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேரன். இந்த நான்கு பேரும் கற்பனைதான். ஆனால், மேலே உள்ள உரையாடல் கற்பனை அல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் தினமும் மதியம் மூன்று மணிக்கு நடப்பது.

பிரச்னை அப்பாயி சாப்பிட்டதை மறப்பதோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "மருமவ சோறு போடல" என்று சொல்லிவிட்டு வருகிறார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் காதுக்கு அது போகிறது. உடனே போன் வருகிறது. "எங்கம்மாவ பட்டினி போடறீங்களா?" அன்று இரவு அந்த வீட்டில் யாருமே சரியாகச் சாப்பிடுவதில்லை.

மறுநாள் விடிகிறது. அதே அப்பாயி ஐந்து மணிக்கு எழுகிறார். வாசல் தெளிக்கிறார். 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி. ஒரு புள்ளி பிசகாமல் கோலம் போட்டு முடிக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் பார்த்துவிட்டு, மருமகள் காதில் மெல்லப் போடுகிறார்: "இவ்ளோ கோலம் ஞாபகம் இருக்கு, சோறு தின்னது மட்டும் மறந்துடுமா? கெழவி நடிக்குது."

அப்பாயி நடிக்கவில்லை. சோறு சாப்பிட்டது மூளையில் பதிய வேண்டிய இடம் வேறு. கோலம் பதிந்திருக்கும் இடம் வேறு.

எது நீண்டகால நினைவு?

வங்கியிலிருந்து ஓ.டி.பி. வருகிறது. ஆறு எண்கள். பார்த்து, மனதுக்குள் சொல்லிக்கொண்டே தட்டி முடிக்கிறீர்கள். ஒரு நிமிடம் கழித்துக் கேட்டால் தெரியாது. இது குறுகியகால நினைவு. இதைத் தாண்டி உள்ளே போய்த் தங்குவதெல்லாம் நீண்டகால நினைவு. நேற்றைய குழம்பு, பள்ளிக்கூடத்து முதல் நாள், சைக்கிள் மிதிப்பது, இந்தியாவின் தலைநகரம் டெல்லி என்பது என எல்லாமே இதற்குள் வந்துவிடும்.

இங்கேதான் 'ஞாபகசக்தி' என்ற ஒற்றைச் சொல் குழப்பிவிடுகிறது. ஏதோ ஒரு தொட்டி போலவும், சிலருக்குப் பெரிய தொட்டி, சிலருக்குச் சின்னத் தொட்டி என்பது போலவும் பேசுகிறோம். சென்னையில் பிறந்தவரான ராஜன் மகாதேவனை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-ல் மங்களூரில், கணிதத்தில் வரும் 'பை'யின் மதிப்பை 31,811 இலக்கங்கள் வரை பார்க்காமல் ஒப்பித்து கின்னஸ் சாதனை படைத்தவர். பின்னர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் அவரை ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பார்த்தார்கள். எண்கள் என்றால் மலைக்க வைத்தவர், ஒரு கதையைப் படித்துவிட்டுத் திரும்பச் சொல்வதில் மற்ற மாணவர்களைப் போலத்தான் இருந்தார். 'என் பையனுக்கு ஞாபகசக்தியே இல்லை' என்று புலம்பும் பெற்றோர், எதில் இல்லை என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்கும்!

ஒரு ரயில் விபத்து... இரண்டு நினைவுகள்

அரியலூர்ப் பக்கம் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஏதாவது ஒரு கட்டத்தில் அந்த ரயில் வந்துவிடும். 1956 நவம்பர் 23, விடியற்காலை. கொட்டும் மழை. சென்னையிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்துக்குள் கவிழ்ந்தது. சுமார் 150 பேர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

ஆலத்தியூர் வீட்டுப் பேரன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். 'அரியலூர் விபத்து - 1956 - சாஸ்திரி ராஜினாமா' என்பது அவனுக்குத் தெரியும். எந்தப் புத்தகத்தில், என்றைக்குப் படித்தான் என்று கேட்டால் தெரியாது. தகவல் மட்டும் இருக்கிறது. (அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானதும் ஒரு நவம்பர் 23-தான், 2007-ல். தேர்வுக்குப் படிப்பவர்கள் இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டுக்கொள்ளலாம்.)

அப்பாயிக்குச் சாஸ்திரி பெயர் தெரியாது. வருஷமும் தெரியாது. ஆனால், அன்றைக்கு விறகு நனைந்து அடுப்பு எரியாதது ஞாபகம் இருக்கிறது. அவருடைய அப்பா சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பார்க்கப் போனது, ராத்திரி திரும்பி வந்து எதுவும் பேசாமல் படுத்துக்கொண்டது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவர் அந்த நாளை நினைக்கும்போது அங்கேயே போய் நிற்கிறார்.

பேரனிடம் இருப்பது அறிவு நினைவு. அப்பாயியிடம் இருப்பது நிகழ்வு நினைவு. உளவியலில் முதலாவதை 'செமான்டிக் மெமரி' என்றும், இரண்டாவதை 'எபிசோடிக் மெமரி' என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் 1972-ல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர், கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் எண்டல் டல்விங். ஒன்று தெரிந்திருப்பது. மற்றொன்று திரும்ப வாழ்வது.

அறிவு நினைவுக்கு நாம் அங்கே இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அரியலூர்ப் பகுதி சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் இருந்தது. அதனால்தான் அங்கே சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது, அதனால்தான் ஆலத்தியூரில் சிமென்ட் ஆலை இருக்கிறது. இதை அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அந்தக் கடலைப் பார்த்தவர் எவருமில்லை.

1953-ல் நடந்த அந்த ஆபரேஷன்

நினைவு பல வகை என்பது சும்மா காகிதத்தில் போட்ட கோடு இல்லை. அதற்குச் சாட்சியாக இருந்தவர் அமெரிக்கரான ஹென்றி மொலைசன். மருத்துவ நூல்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் அவரை 'எச்.எம்.' என்று மட்டுமே குறிப்பிட்டன. கடுமையான வலிப்பு நோய். 1953-ல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இருபுறமும் உட்பகுதியில் ஒரு பாகத்தை அகற்றினார். 'ஹிப்போகேம்பஸ்' என்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதோடு போனது. பார்க்கக் கடல்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் வந்த பெயர் அது.

வலிப்பு குறைந்தது. ஆனால், அன்றிலிருந்து புதிதாக நடந்த எதுவும் அவருக்குள் தங்கவில்லை. டாக்டர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால், புதிதாகப் பார்ப்பது போல வணக்கம் சொல்வார். ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னார்கள். மனதுக்குள் ஏதேதோ கணக்குப் போட்டு, கால்மணி நேரம் பிடித்து வைத்திருந்தார். கவனம் வேறு பக்கம் திரும்பியது. எண்ணும் போனது, எண்ணைக் கேட்டார்கள் என்பதும் போனது. சின்ன வயதில் நடந்தவையோ பத்திரமாக இருந்தன.

அவரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒரு சோதனை வைத்தார். ஒரு நட்சத்திரப் படம். அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். ஆனால், காகிதத்தை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து வரைய வேண்டும். வீட்டில் முயன்று பாருங்கள், கை எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மொலைசனுக்கும் முதல் நாள் அப்படித்தான். இரண்டாம் நாள் பிழை குறைந்தது. மூன்றாம் நாள் கோடு அழகாக வந்தது. அவருக்கோ, இதற்கு முன் அப்படி ஒன்றை வரைந்த ஞாபகமே இல்லை!

மனுஷனுக்கு ஞாபகம் இல்லை. கைக்கு ஞாபகம் இருந்தது. இதுதான் செயல் நினைவு. ஹிப்போகேம்பஸ் இல்லாமலே இது வேலை செய்யும். மூளையின் ஆழத்தில் இருக்கும் வேறு பகுதிகளும் சிறுமூளையும் இதைப் பார்த்துக்கொள்கின்றன. நீச்சல், சைக்கிள், தையல் மெஷின், மாவு பிசையும் பதம், வயலில் நாற்று நடும் வேகம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 'சைக்கிள் எப்படி ஓட்டுகிறாய்?' என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஓட்டித்தான் காட்ட முடியும்.

அப்பாயியின் கோலமும் அங்கேதான் இருக்கிறது. எழுபது வருஷமாக விரல் இடுக்கில் மாவு இறங்கி இறங்கிப் பதிந்தது. மதியம் சாப்பிட்ட சோறோ ஹிப்போகேம்பஸ் வழியாகப் பதிய வேண்டிய புது நிகழ்வு. அல்சைமர் என்ற மறதி நோய் முதலில் கை வைப்பது பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். அதனால்தான் காலையில் நடந்தது போய்விடுகிறது, 1956 நிற்கிறது. பழையது கடைசி வரை தாக்குப்பிடிக்கும், புதியது முதலில் உதிரும் என்பதை பிரான்ஸைச் சேர்ந்த உளவியலாளர் ரிபோ 1881-லேயே எழுதிவைத்துவிட்டார்.

கனடாவில் 'கே.சி.' என்று அழைக்கப்பட்ட ஒருவரின் கதை இன்னும் விசித்திரம். 1981-ல் மோட்டார் பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர். செஸ் ஆடுவார். தன் வீட்டு முகவரி சொல்வார். ஆனால், தன் வாழ்க்கையில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தைக்கூட அவரால் நினைவுகூர முடியவில்லை. டல்விங் அவரிடம், 'நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. மனம் வெறுமையாக இருந்தது. நேற்றை இழந்தவருக்கு நாளையையும் கற்பனை செய்ய முடியவில்லை. மறதி நோய் வந்த பெரியவர்கள் 'அடுத்த வாரம் கல்யாணத்துக்குப் போறோம்' என்றால் மலங்க மலங்க விழிப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

பசுமரத்தாணி எல்லாம் நிஜமா?

'அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு' என்று அடித்துச் சொல்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நைசர் மாணவர்களிடம் 'செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள்?' என்று எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகள் கழித்து 44 பேரிடம் அதையே மறுபடி கேட்டார். நான்கில் ஒருவருக்கு இடம், ஆள், நேரம் என எல்லாமே மாறிப்போயிருந்தன. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அந்தக் காட்சியைப் புதிதாகக் கட்டுகிறது. கட்டும்போது அக்கம்பக்கத்துச் செங்கல்லும் சேர்ந்துவிடும்.

அப்பாயியின் 1956-லும் அப்படிச் சில செங்கற்கள் இருக்கலாம். அப்பா பேசாமல் படுத்தது அன்றைக்கா, வேறொரு நாளா... யார் கண்டது? 'இல்ல அப்பாயி, போன தடவ வேற மாதிரி சொன்னீங்க' என்று பேரன் மடக்கத் தேவையில்லை.

திட்டியது மறந்துபோகும். வலி?

இதை எல்லா வீட்டிலும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெனீவாவில் எடுவார் கிளாபரேட் என்ற மருத்துவரிடம் ஒரு பெண் நோயாளி இருந்தார். டாக்டரைத் தினமும் புதிதாகத்தான் பார்ப்பார். ஒருநாள் கிளாபரேட் தன் விரல்களுக்கிடையே ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு கைகுலுக்கினார். நறுக்கென்று குத்தியது. சிறிது நேரத்தில் அந்தப் பெண் அதை மறந்துவிட்டார். அடுத்து டாக்டர் கையை நீட்டியபோது மட்டும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சரியான காரணம் சொல்லத் தெரியவில்லை. 1911-ல் கிளாபரேட் இதை எழுதினார். இன்றைக்கு எந்த டாக்டரும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால், அது காட்டிய விஷயம் பெரியது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குண்டூசி இல்லாமல் இதையே இன்னும் நாகரிகமாகச் சோதித்தார்கள். 2014-ல் வெளியான அவர்களின் ஆய்வில் அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளையும், வேறொரு சமயம் சிரிப்பூட்டும் காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் படத்தில் வந்தது அவர்களுக்கு ஏறக்குறைய மறந்துவிட்டது. படம் பார்த்ததே நினைவில்லாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால், அந்தச் சோகமும் சந்தோஷமும் அரைமணி நேரம் வரை அவர்களிடம் தங்கியிருந்தன. காரணம் தெரியாத துக்கம்!

இப்போது ஆலத்தியூர் வீட்டுக்குத் திரும்புவோம். "எத்தனை தடவதான் சொல்றது?" என்று மருமகள் மூன்று மணிக்குக் கத்துகிறார். மூன்றே காலுக்கு அப்பாயிக்கு அந்த வாக்கியம் ஞாபகம் இல்லை. நெஞ்சில் ஒரு பாரம் மட்டும் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இந்த வீட்டில் யாரோ தன்னை ஏதோ செய்கிறார்கள் என்ற உணர்வு. பக்கத்து வீட்டுத் திண்ணையில் 'மருமவ சோறு போடல' என்பதாக அது வெளியே வருகிறது.

மருமகள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே கேள்விக்கு ஒரு நாளில் இருபது முறை பதில் சொல்பவர் அவர்தான். சமைத்துப் போட்டுவிட்டு, ஊரில் கெட்ட பெயரும் வாங்குவது அவர்தான். போனில் கேள்வி கேட்கும் மகள், ஒரு வாரம் வந்து தங்கிப் பார்த்துக்கொண்டால் பாதி சண்டை தீரும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

"நான் யாருன்னு சொல்லு பாப்போம்" என்ற பரீட்சையை முதலில் நிறுத்தலாம். இல்லாத நினைவைத் தோண்டச் சொல்வது அவர்களை அவமானப்படுத்தும். வந்ததும் பேரனே "அப்பாயி, நான் உங்க பெரிய மவன் புள்ள வந்துருக்கேன்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. 'இப்பதான சாப்பிட்டீங்க' என்று வாதாடுவதைவிட, "இருங்க அத்த, காபி போடறேன்" என்று இரண்டு பிஸ்கட் வைப்பது எளிது. சர்க்கரை நோய் இருந்தால் அதற்குத் தகுந்த பண்டம்.

கை அறிந்த வேலையை வாங்கிக்கொள்ளக் கூடாது. பூ கட்டுவது, கீரை ஆய்வது, மல்லாட்டை உரிப்பது எதுவாக இருந்தாலும் செய்யட்டும். சாமான்களை இடம் மாற்றாமல் இருப்பதும் முக்கியம். வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று கழிவறைக்குப் போகும் வழியையே மாற்றிவிட்டால், காலுக்குப் பழகிய தடம் போய்விடும்.

அதோடு, எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் இவையெல்லாம்கூட மறதியைக் கொண்டுவரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் நடப்பது. சாவி எதற்கு என்றே தெரியாமல் கையில் வைத்துப் பார்ப்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது என்று தொடங்கினால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆலத்தியூர்க்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. 'ஊர்ல யாருக்கும் இல்லாத வியாதி' என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த வீட்டு மருமகள் இப்போது ஒரு வேலை செய்கிறார். சாப்பிட்டு முடித்த தட்டை உடனே கழுவப் போடுவதில்லை. அப்பாயியின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் வைத்துவிடுகிறார். "நான் சாப்டனா?" என்று கேட்டால், தட்டைப் பார்த்து அப்பாயியே, "ஓ, சாப்ட்டுட்டேன் போலருக்கு" என்று சொல்லிக்கொள்கிறார். சில நாள் அதுவும் பலிப்பதில்லை. கோலமாவு டப்பா மட்டும், எப்போதும் போல, வாசல் நிலைக்கு வலப்பக்கத்து மாடத்தில் இருக்கிறது.